200 என்று பதில் சொன்ன தோல்வி: ஒரு பிஹெச்பி நிகழ்வு ஆய்வு

பணம் கட்டியவர்களில் சிலருக்கு மட்டும் பதிவு உறுதியாகவில்லை. அவர்கள் கணக்கிலிருந்து பணம் கழிந்திருக்கிறது. பணத்தை வாங்கித் தரும் இடைநிலைச் சேவையான பேமெண்ட் கேட்வேயின் பட்டியலில் "வெற்றி" என்று இருக்கிறது. ஆனால் பயிற்சி வகுப்புகளுக்கு ஆள் சேர்க்கும் அந்த இணையதளத்தின் தரவுத்தளத்தில் அவர்கள் பெயரே இல்லை. பிழைப் பதிவுக் கோப்பைத் திறந்தால் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தளம் இயங்குகிறது, மற்றவர்களின் பதிவுகள் தடையின்றி நடக்கின்றன, சர்வர் கண்காணிப்புத் திரையில் எல்லாமே பச்சை.

அண்மையில் நடந்த ஒரே மாற்றம், தளம் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஹெச்பியின் 7.4 பதிப்பிலிருந்து 8.1-க்கு மாறியது. 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன என்பதால் மாறாமல் இருக்கவும் வழியில்லை. மாறிய பிறகு எல்லாப் பக்கங்களையும் திறந்து பார்த்திருக்கிறார்கள், பணம் கட்டியும் சோதித்திருக்கிறார்கள். குற்றம் பிஹெச்பி 8-இன் மீது விழுந்தது. பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்ற யோசனைகூட எழுந்தது. வெளியிலிருந்து நிரலைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

முதலில் தளத்தின் போக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பணம் கட்டியதும், கேட்வே தன் பங்குக்குத் தளத்தின் ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு வெப்ஹூக் எனப்படும் அறிவிப்பை அனுப்பும். அதைப் பெறும் நிரல் தரவுத்தளத்தில் ஒரு டிரான்சாக்ஷனை, அதாவது முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாகத் திரும்பும் ஒரு வேலைத் தொகுப்பைத் தொடங்கி, பணம் வந்த விவரத்தைக் கட்டண அட்டவணையில் எழுதும். பிறகு கட்ட வேண்டிய தொகையைத் தானே கணக்கிட்டுச் சரிபார்க்கும், பதிவை உறுதி செய்யும், உறுதி மின்னஞ்சலை அனுப்பும், டிரான்சாக்ஷனை முடிக்கும். கடைசியில் கேட்வேக்கு "ஓகே" என்ற இரண்டு எழுத்துகளைப் பதிலாகத் தரும். பதிலோடு செல்லும் மூன்றிலக்க நிலைக்குறி, வெற்றியைக் குறிக்கும் 200 வரிசையில் இருந்தால் அறிவிப்பு போய்ச் சேர்ந்தது என்று கேட்வே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சற்று நேரம் விட்டு மறுபடி அனுப்பும்.

பிழைப் பதிவு கைவிரித்த நிலையில் எஞ்சியிருந்தது வெப் சர்வரின் அணுகல் பதிவு. அதில் வெப்ஹூக் முகவரிக்கு வந்த எல்லா அழைப்புகளுக்கும் 200 என்றே பதில் போயிருந்தது. விடுபட்டவர்கள் பணம் கட்டிய நேரத்து அழைப்புகளும் அப்படியே. ஆனால் அதே வரியில் நிலைக்குறியை அடுத்து இன்னொரு எண் இருக்கும், எத்தனை பைட் அனுப்பப்பட்டது என்பது. ஆங்கிலத்தில் "ஓகே" என்ற பதிலுக்கு அது 2. எல்லா வரிகளிலும் 2, 2, 2 என்று ஓடிக்கொண்டிருக்கையில் இடையிடையே ஒரு வரியில் மட்டும் ஆயிரக்கணக்கில் பைட்டுகள். கேட்வேக்கு யாரோ ஒரு முழு இணையப் பக்கத்தையே அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த தடயம் தரவுத்தளத்தில் கிடைத்தது. கட்டண அட்டவணையின் வரிசை எண்களில் இடைவெளிகள் இருந்தன. ஒரு வரிசை எண்ணுக்கு அடுத்ததைக் காணோம், அதற்கும் அடுத்தது இருக்கிறது. தளத்தின் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, டிரான்சாக்ஷன் திரும்பப் பெறப்பட்டால் வரியை அழித்துவிடும். ஆனால் அந்த வரிக்கு ஒதுக்கிய தானியங்கு எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளாது. ஆகவே காணாமற்போன எண் ஒவ்வொன்றும், எழுதப்பட்டு அழிக்கப்பட்ட ஒரு கட்டணமாக இருக்க வேண்டும். வரிசை எண்ணில் ஓட்டை விழ வேறு காரணங்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. இங்கே அணுகல் பதிவின் பெரிய பைட் வரிகளும் எண் இடைவெளிகளும் நேரத்தால் ஒன்றோடொன்று பொருந்தின. நிரல் தரவுத்தளம் வரை போயிருக்கிறது, பாதியில் எங்கோ விழுந்திருக்கிறது.

விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதாகவே இருந்தது. விடுபட்டவர்களில் ஒருவருடைய அறிவிப்பை அப்படியே எடுத்துச் சோதனைச் சர்வருக்கு அனுப்பினோம். தள்ளுபடிக் கூப்பன் பகுதியில் நின்றது. காலாவதியான கூப்பனை யாராவது தட்டச்சு செய்தால் கூப்பன் தேடும் ஃபங்ஷன் வெறுமை மதிப்பான 'நல்'லைத் திருப்பித் தருகிறது. அதை வாங்கி அடுத்த வரி 'கவுண்ட்' என்ற ஃபங்ஷனிடம் கொடுத்து எத்தனை தள்ளுபடிகள் என்று எண்ணுகிறது. பிஹெச்பி 7.2 முதல் 7.4 வரை இப்படிக் கேட்டால் ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு 0 என்று பதில் வரும். தள்ளுபடி இல்லை, முழுத் தொகை, பதிவு உறுதி. எச்சரிக்கைகள் பதிவுக் கோப்பை நிரப்புகின்றன என்று அவற்றை எப்போதோ அணைத்து வைத்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. பிஹெச்பி 8-இல் அதே வரி 'டைப் எரர்' என்ற விதிவிலக்கை வீசுகிறது. விதிவிலக்கு என்பது, மேலே தொடர முடியாது என்று நிரல் எழுப்பும் அறிவிப்பு, யாரும் அதைப் பிடிக்காவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். மேம்படுத்திய பிறகு செய்த சோதனைகளில் காலாவதியான கூப்பனை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

நல் வந்தால் வெற்றுப் பட்டியல் என்று வைத்துக்கொள்ள ஒரு வரித் திருத்தம் போதும். பலரும் இங்கேயே வேலையை முடித்திருப்பார்கள். இந்த நிகழ்வில் படிக்க வேண்டியது அந்த வரிக்கு அப்பால்தான் இருக்கிறது. விதிவிலக்கு வீசப்பட்டது. சரி, அது எங்கே போயிற்று?

வெப்ஹூக் நிரலில், விதிவிலக்கு எழக்கூடிய வரிகளை உள்ளடக்கும் 'டிரை', எழுந்ததைப் பிடிக்கும் 'கேட்ச்' இரண்டும் முறையாகவே இருந்தன. கேட்ச் பகுதியில் டிரான்சாக்ஷனைத் திரும்பப் பெற்று, விவரத்தைப் பதிவில் எழுதி, சர்வரில் பிழை என்பதைக் குறிக்கும் 500-ஐப் பதிலாக அனுப்பும் வரிகள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. எழுதியவர் விவரம் தெரிந்தவர் என்பது பார்த்தவுடனே புரிந்தது. அந்த வரிகள் இயங்கவே இல்லை என்பதுதான் சிக்கல். கோப்பின் தலையில், பெயர்களைத் தனிக் குழுவாகப் பிரிக்கும் நேம்ஸ்பேஸ் அறிவிப்பு ஒன்று இருந்தது. பின்னொரு காலத்தில் நிரல் முழுவதையும் சீரமைத்தபோது அது சேர்க்கப்பட்டிருக்கிறது. கேட்ச் வரியில், பிடிக்க வேண்டிய விதிவிலக்கின் வகையாக, அதாவது கிளாஸாக, வெறும் 'எக்செப்ஷன்' என்றே எழுதியிருந்தது. நேம்ஸ்பேஸுக்குள் வெறுமனே 'எக்செப்ஷன்' என்று எழுதினால் பிஹெச்பி அதை அந்த நேம்ஸ்பேஸுக்குச் சொந்தமான எக்செப்ஷன் என்று கொள்ளும். மொழியோடு வரும் எக்செப்ஷனைக் குறிக்க முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு வேண்டும், அல்லது கோப்பின் மேலே 'யூஸ்' வரி வேண்டும்.

இதில் இருவிதமான தந்திரம் இருக்கிறது. ஃபங்ஷன்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. நேம்ஸ்பேஸில் 'கவுண்ட்' கிடைக்காவிட்டால் பிஹெச்பி பொதுவெளியில் தேடி எடுத்துக்கொள்ளும். கிளாஸ்களுக்கு அப்படித் தேடாது. பத்து வரிகளில் ஃபங்ஷன்கள் எல்லாம் வேலை செய்வதைப் பார்த்த கண், பதினோராவது வரியில் கிளாஸ் பெயரையும் அப்படியே நம்பிவிடுகிறது. இரண்டாவது, இல்லாத ஒரு கிளாஸைக் கேட்ச் வரியில் குறிப்பிட்டால் பிஹெச்பி வாய் திறக்காது. அந்தப் பெயரில் கிளாஸ் இருக்கிறதா என்று தேடி ஏற்றக்கூட முயலாது. பொருந்தவில்லை என்று கடந்து போய்விடும். பிஹெச்பிஸ்டான் போன்ற நிலைப் பகுப்பாய்வுக் கருவியை ஒருமுறை ஓட்டியிருந்தால் இந்த இடத்தை நொடியில் சுட்டிக்காட்டியிருக்கும்.

குழுவினர் பின்சாய்வுக் கோட்டைச் சேர்த்தார்கள். அதே அறிவிப்பை மறுபடி அனுப்பினோம். இப்போதும் கேட்ச் பகுதிக்குள் நுழையவில்லை.

ஏனென்றால் டைப் எரர், எக்செப்ஷனின் வழித்தோன்றல் அல்ல. 2004-இல் வந்த பிஹெச்பி 5-தான் இந்த மொழிக்கு விதிவிலக்குகளைக் கொண்டுவந்தது. அப்போது எல்லாமே எக்செப்ஷன் என்ற ஒரே கிளாஸின் கீழ் இருந்தன. தவறான வகை, இல்லாத மெத்தடை அழைத்தல் போன்றவை விதிவிலக்குகளே அல்ல, நிரலை அங்கேயே கொல்லும் பிழைகள். 2015 டிசம்பரில் வந்த 7.0 இவற்றில் பெரும்பாலானவற்றை வீசத்தக்கவையாக மாற்றியது. ஆனால் அவற்றை எக்செப்ஷனின் கீழ் வைத்தால், அதுவரை உலகமெங்கும் எழுதப்பட்டிருந்த கேட்ச் பகுதிகள் எல்லாம் நிரலின் அடிப்படைப் பிழைகளையும் சத்தமில்லாமல் விழுங்கத் தொடங்கிவிடும். அதனால் 'எரர்' என்று தனிக் கிளை அமைத்து, இரண்டுக்கும் மேலே 'த்ரோவபிள்' என்ற பொது இன்டர்ஃபேஸை வைத்தார்கள். எக்செப்ஷனைப் பிடிக்கும் வலையில் எரர் சிக்காது. இரண்டையும் பிடிக்க த்ரோவபிள் என்று எழுத வேண்டும்.

என் பார்வையில் இது நல்ல முடிவு. வெளியுலகம் ஒத்துழைக்காதது ஒரு வகை, நிரலே தவறாக எழுதப்பட்டிருப்பது வேறு வகை. முதலாவதுக்கு மாற்று வழி யோசிக்கலாம். இரண்டாவதுக்கு ஓட்டத்தின் நடுவில் செய்ய ஒன்றுமில்லை. டிரான்சாக்ஷனைத் திருப்பிவிட்டு, எழுதி வைத்துவிட்டு, தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டியதுதான். அதைச் செய்ய வேண்டிய ஒரே இடம் நிரலின் வெளி எல்லை. த்ரோவபிள் அங்கே மட்டும் இருந்தால் போதும்.

இரண்டு ஓட்டைகளின் வழியே நழுவிய விதிவிலக்கு கடைசியில் விழுந்த இடம்தான் இந்த நிகழ்வின் உண்மையான குற்றவாளி. யாராலும் பிடிக்கப்படாத விதிவிலக்குகளைப் பெறுவதற்கென்று, 'செட் எக்செப்ஷன் ஹேண்ட்லர்' மூலம் ஒரு ஃபங்ஷனை நிரலின் தொடக்கத்தில் பதிந்து வைத்திருந்தார்கள். அது செய்தது ஒரே வேலை. தளத்தின் சின்னத்தோடு அழகான ஒரு பக்கத்தைக் காட்டி, "தற்காலிகத் தடங்கல், சிறிது நேரம் கழித்து முயலவும்" என்று மன்னிப்புக் கேட்டது. பதிவில் எதையும் எழுதவில்லை. நிலைக்குறியையும் மாற்றவில்லை, ஆகவே இயல்பாக உள்ள 200 அப்படியே போயிற்று. அணுகல் பதிவில் கண்ட ஆயிரக்கணக்கான பைட்டுகள் அந்த மன்னிப்புக் கடிதம்தான். கேட்வே அதைப் படிக்கவில்லை. அது 200-ஐப் பார்த்தது, வேலை முடிந்தது என்று குறித்துக்கொண்டது, மறுபடி அனுப்பவே இல்லை. நிரல் முடிந்து தரவுத்தள இணைப்பு அறுபட்டதும், முடிக்கப்படாமல் கிடந்த டிரான்சாக்ஷனை, பிஹெச்பியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் பிடிஓ தானே திரும்பப் பெற்றது. பணம் வந்த வரியும் அதோடு அழிந்தது.

அந்த ஃபங்ஷன் இல்லாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரும் பிடிக்காத விதிவிலக்கை பிஹெச்பி தானே பிழைப் பதிவில் எழுதியிருக்கும். பிழைகளைத் திரையில் காட்டும் அமைப்பு அணைக்கப்பட்டு, தலைப்புகள் இன்னும் அனுப்பப்படாத நிலையில் தானே 500 என்றும் பதில் சொல்லியிருக்கும். கேட்வே திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கும். முதல் நாளிலேயே பதிவில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் கிடைத்திருக்கும். விதிவிலக்கைக் கையாள எழுதிய நிரல்தான் விதிவிலக்கை மறைத்தது. எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால் மொழி தன் இயல்பிலேயே இதைவிட நேர்மையாக நடந்திருக்கும். மேம்பாட்டுக் கணினிகளில் இந்த ஃபங்ஷன் பதியப்படுவதில்லை என்பதால் நிரலாளர்கள் யாரும் அதை நேரில் சந்திக்கவும் இல்லை.

திருத்தத்தை இந்த ஃபங்ஷனிலிருந்தே தொடங்கச் சொன்னேன். முதல் வேலை பதிவில் எழுதுவது, அதுவும் வேறெதையும் தொடும் முன்பே. இரண்டாவது, அதுவரை தாங்கியில் சேர்ந்திருக்கும் பாதி வெளியீட்டைத் துடைத்துவிட்டு 500 வைப்பது. மூன்றாவதுதான் பக்கம், அதுவும் மறுமுனையில் மனிதர் இருந்தால் மட்டும். வெப்ஹூக் முகவரிக்கு வெறும் நிலைக்குறி போதும். பக்கம் கட்டும் வேலையைத் தனி டிரை பகுதிக்குள் வைக்க வேண்டும். வார்ப்புருக் கோப்பு கிடைக்காமல் அங்கேயே இன்னொரு விதிவிலக்கு எழுவதைப் பல தளங்களில் பார்க்கலாம்.

வெப்ஹூக்கின் கேட்ச் வரி த்ரோவபிள் என்று மாறியது. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருந்தது. டிரான்சாக்ஷனை முடிக்கும் முன்பே உறுதி மின்னஞ்சல் போகும் என்று சொன்னேன், அந்த வரியும் அதே டிரை பகுதிக்குள்தான் இருந்தது. கேட்ச் உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கியதும் புதிய ஆபத்து ஒன்று முளைத்தது. மின்னஞ்சல் சர்வர் படுத்தால் விதிவிலக்கு எழும், டிரான்சாக்ஷன் திரும்பும், பணம் கட்டியவரின் பதிவு ஒரு கடிதம் போகாததற்காக அழியும். ஆகவே மின்னஞ்சலை டிரான்சாக்ஷன் முடிந்த பிறகு, தன் சொந்த டிரை பகுதிக்குள் தள்ளினார்கள். போகாவிட்டால் வரிசையில் போட்டுவிட்டுப் பிறகு அனுப்பலாம். இங்கே விதிவிலக்கை விழுங்குவது சரியே, ஏனென்றால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு அந்த இடத்திலேயே விடை இருக்கிறது.

500 அனுப்பத் தொடங்கினால் கேட்வே மறுபடி அனுப்பும். முதல் அழைப்பே வெற்றி பெற்று, பதில் மட்டும் வழியில் தவறியிருந்தாலும் அனுப்பும். கேட்வே தரும் கட்டண எண்ணுக்குத் தரவுத்தளத்தில் தனித்துவக் கட்டுப்பாடு வைத்தார்கள். இரண்டாம் முறை வரும் அறிவிப்பு அதில் மோதிப் பிடிஓ விதிவிலக்காக எழும், அதைப் பிடித்து "ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்ற பொருளில் 200 அனுப்பினால் போதும். சொல்ல எளிது. எழுதிய முதல் வடிவத்தில் விதிவிலக்கின் குறியீட்டை 23000 என்ற எண்ணோடு மதிப்போடு வகையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டிருந்தார்கள். பிடிஓ விதிவிலக்கின் குறியீடு அங்கே எண்ணாக வராது, எழுத்துச் சரமாக வரும். அந்த ஒப்பீடு ஒருநாளும் பொருந்தாது. சரமாக மாற்றினாலும் போதவில்லை. 23000 என்பது ஒருமைப்பாட்டு மீறல் எல்லாவற்றுக்கும் பொது. வேறொரு அட்டவணையைச் சுட்டும் அயல் திறவுகோல் தவறினாலும் அதுவேதான் வரும். உண்மையான தோல்வியை "ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்று சொல்லிவிட்டால் பழைய கதைதான். விதிவிலக்கின் பிழை விவரப் பட்டியலில் இரண்டாவதாக உள்ள மைஎஸ்கியூஎல் எண், ஒரே மதிப்பு இரண்டாம் முறை வந்ததைக் குறிக்கும் 1062-ஆக இருக்கிறதா என்று பார்க்கும்படி மாற்றினார்கள். மற்றவை எல்லாம் மேலே வீசப்பட வேண்டியவை.

மற்ற கோப்புகளில் கிடைத்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலியான கேட்ச் பகுதிகள் பல இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை நீக்கினாலே போதுமாக இருந்தது. ஓரிடத்தில், எப்படி முடிந்தாலும் கடைசியில் இயங்கும் 'ஃபைனலி' பகுதிக்குள், மதிப்பைத் திருப்பித் தரும் 'ரிட்டர்ன்' இருந்தது. அப்படி எழுதினால் வீசப்பட்ட விதிவிலக்கு சுவடின்றி மறைந்து, ரிட்டர்ன் தரும் மதிப்பே மேலே போகும். தள்ளுபடிக் கணக்கில் எந்தப் பிழை வந்தாலும் அதைப் பிடித்து "கணக்கீட்டில் பிழை" என்ற புதிய விதிவிலக்காக வீசியிருந்தார்கள். பழையதை மூன்றாவது ஆர்க்யுமென்டாகச் சேர்த்து அனுப்பும் வசதி 5.3-இலிருந்தே இருக்கிறது. அதை விட்டால் மூல வரி எண் தொலைந்துபோகும். பதிவில் எழுதத் தொடங்கும்போது, அழைப்புத் தடத்தோடு ஃபங்ஷன்களுக்குக் கொடுத்த மதிப்புகளும் கூட வரும் என்பதை மறக்கக் கூடாது, அவற்றில் தரவுத்தளக் கடவுச்சொல்லும் இருக்கலாம். 7.4-இல் வந்த அமைப்பு ஒன்று அந்த மதிப்புகளைத் தடத்திலிருந்து நீக்கிவிடும், அதை இயக்கச் சொன்னேன்.

த்ரோவபிளிலும் அடங்காதவை உண்டு. நினைவகம் தீர்ந்துபோவதும், அனுமதித்த நேரம் கடந்துபோவதும் இன்னமும் விதிவிலக்குகள் ஆகவில்லை. எந்தக் கேட்சும் அவற்றைப் பிடிக்காது. நிரல் முடியும் தருவாயில் இயங்கும் ஃபங்ஷன் ஒன்றைப் பதிந்து, கடைசிப் பிழை என்ன என்று அதில் கேட்டுப் பார்ப்பதுதான் வழி.

எச்சரிக்கைகளையும் விதிவிலக்குகளாக மாற்றிவிடலாமா என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. மாற்றியிருந்தால் கவுண்ட் வரி 7.4-இலேயே அகப்பட்டிருக்கும் என்பது உண்மை. புதிதாக எழுதும் நிரலுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். எச்சரிக்கைகளை ஆண்டுக்கணக்கில் அணைத்து வைத்திருந்த பழைய நிரலில் ஒரே இரவில் இதைச் செய்தால் காலையில் தளமே எழாது. முதலில் எச்சரிக்கைகளைப் பதிவில் மட்டும் எழுதி, ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வருவது என்று முடிவாயிற்று. இதற்காக வைத்திருந்த பழைய ஃபங்ஷன், எச்சரிக்கையை அடக்கும் '@' குறி போட்ட வரிகளை ஒதுக்குவதற்கு, பிழை அறிவிப்பு நிலை 0-ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பிஹெச்பி 8-இல் அந்தக் குறி கொல்லும் பிழைகளை மறைக்காது, ஆகவே நிலையும் 0 ஆகாமல் 4437 என்று வரும். அந்த ஒப்பீட்டையும் மாற்ற வேண்டியிருந்தது.

விடுபட்டவர்களின் பதிவுகளைச் சேர்க்கத் தனி நிரல் எதுவும் எழுதவில்லை. பழைய அறிவிப்புகளை மறுபடி அனுப்பும் வசதி கேட்வேயின் நிர்வாகப் பக்கத்திலேயே இருந்தது. திருத்தங்கள் எல்லாம் ஏறிய பிறகு, பாதிக்கப்பட்ட நாள்களின் அறிவிப்புகள் அனைத்தையும் திரும்ப அனுப்பச் சொன்னோம். ஏற்கெனவே பதிவானவை 1062-இல் மோதி அமைதியாகத் திரும்பின, விடுபட்டவை உள்ளே வந்தன. புகார் செய்தவர்களுக்காக அலுவலகத்தினர் கையால் சேர்த்திருந்த சில பதிவுகளில் கட்டண எண் எழுதப்பட்டிருக்கவில்லை. அவர்களுக்கு மட்டும் இரண்டு இரண்டாக விழுந்தது. அவற்றைப் பெயர் பார்த்துத்தான் நீக்கினார்கள்.